ஹாரி ஹோல்ட் சரித்திரச் சுருக்கம்

அமெரிக்காவில் ஒரிகன் மாகாணத்துக் கிரெஸ்வெல் என்னும் ஊரில் விவசாயஞ் செய்து வாழ்ந்தவர் ஹாரி ஹோல்ட் என்பார். அவருக்கும் மனைவியார் பெர்தா அம்மையாருக்கும் மக்கள் அறுவர். கொரிய யுத்தகாலத்தில் அந்நியப் போர்வீரருக்கும் கொரிய மாதர்க்கும் பிறந்து, ஆதரவற்றுக் கிடந்த குழந்தைகளின் நிலையை 1954-ஆம் ஆண்டில் ஒரு படத்திற் கண்டு இருவரும் மனமுருகினர். அவர்களுள் எண்மரை எடுத்து வளர்க்கத் துணிந்தனர். சட்டமோ ஒரு குடும்பத்திற்கு இருவரையே அனுமதித்தது.

ஹோல்ட் வாளாவிருந்தாரல்லர். இருதய நோயுற்றவராயினும் 1955-இல் கொரியா சென்று குழந்தைகளைப் பேணினார். அம்மையார் வீட்டிலிருந்தவாறே தனிச்சட்டம் வேண்டி முயன்றார். அமெரிக்கக் காங்கிரஸ் சபை அவ்வாண்டே அதனை நிறைவேற்றிற்று. அக்டோபரில் எண்மரும் வீடு சேர்ந்தனர்.

செய்தி பரவவே, தாமும் குழந்தை வேண்டிப் பலர் அவருக்கு எழுதினர். அவர்கள் பொருட்டு 1956-இல் ஒரு ஸ்தாபனம் கண்டார். பெற்றோர் நேரில் வாராமலே பிரதிநிதி மூலம் தத்தெடுக்கும் அவர் முறையைச் சமூக சேவைத் துறையினர் கண்டித்தனர். தக்க விசாரணையின்றிச் சேர்ப்பது குழந்தைக்குத் தீங்காகுமென்பது அவர் கருத்து. தாமதமே குழந்தையின் உயிரைக் கொள்ளுமென்பது ஹோல்டின் கவலை. 1964-இல் கொரியாவிலேயே அவர் காலமானார்.

பெற்றோரின் காத்திருப்பு நாட்களால் அளக்கப்படும்; குழந்தையின் காத்திருப்போ உயிரால் அளக்கப்படும். விரைவும் விசாரணையும் ஒருங்கே வேண்டுமென்பதே இவர் வாழ்க்கை நமக்குணர்த்தும் பாடமாம்.