பென்னிகுவிக்கும் அவரோடு உழைத்தவர்களும்



தைப் பொங்கல் வந்தால் தேனி மாவட்டத்து ஊர்கள் சிலவற்றில் ஆங்கிலேயர் ஒருவரின் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். மதுரை தல்லாகுளத்தில் பொதுப்பணித்துறை வளாகத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. அவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக். 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர்.

தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பார்கள். ஆனால் அணை கட்டப்பட்டது சென்னை அரசின் பணத்தில்தான். அந்தக் கதை இல்லாமலேயே அவர் பெரியவர் என்பது என் எண்ணம்.

மேற்கே அரபிக் கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனையும் அவருடையதன்று. 1789-ல் இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்காக ஆள் அனுப்பி இடம் பார்க்கச் செய்தார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் மண் அணைக்குத் திட்டம் வரைந்தார். பிறகு தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை வைகைக் கரை மக்கள் பட்ட பாட்டைப் பாட்டிமார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னவர்களின் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு 1882-ல் பென்னிகுவிக்கிடம் வந்தது. மண்ணுக்குப் பதிலாகக் கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையும் என்று அவர் மாற்றினார்.

வேலை 1887-ல் தொடங்கியது. அது ஓரிடத்து வேலையன்று. காட்டுக்குள் அணை, மலையைக் குடைந்து 5,704 அடிச் சுரங்கம், கீழே வைகையில் பேரணை, அங்கிருந்து மேலூர் வரை கால்வாய் என்று பல இடங்களில் பல குழுக்கள். இவர்கள் எல்லாரும் ஒரே மட்டக் கணக்கை நம்பியாக வேண்டும். ஏரியில் நீர் 104 அடிக்கு மேல் நின்றால்தான் கிழக்கே வரும். அணைக்காரர் கணக்கு ஒன்று, சுரங்கக்காரர் கணக்கு வேறொன்று என்றிருந்தால் அத்தனை உழைப்பும் வீண். அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் சாமான் மேலேறும். அது நின்றுபோனால் மேலே கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்று ஒரு பங்கில் மண்டபம் கட்டினாலே பொறியாளர் வரைபடம் ஒன்று, மேஸ்திரி கட்டுவது ஒன்று என்றாகிறதே!

வெள்ளம் தற்காலிக அணைகளைத் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோனது. இராணுவத்தின் பயனியர் படையினரும் மண் சுமந்த கூலியாட்களும் அங்கே உழைத்தார்கள். உடனிருந்த பொறியாளர் மெக்கன்சி 1899-ல் இந்தத் திட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று பின்வந்த பொறியாளர்கள் அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. நல்ல காரியம்.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, நீர் மதுரைச் சமவெளிக்கு இறங்கியது. மேலூர்ப் பக்கத்துப் புன்செய்கள் நன்செய்களாயின. பென்னிகுவிக் இங்கிலாந்து திரும்பி, 1911 மார்ச் 9-ல் இறந்தார். ஃபிரிம்லி புனித பேதுரு ஆலயத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நோயால் மாண்ட தொழிலாளர்கள் அணைக்கு அருகே காட்டுக்குள் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது.