ஜில்லா போர்டுத் தலைவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார்

பத்தமடையிலிருந்து திருநெல்வேலிக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ போக வேண்டியவர் இன்று சாலையோரத்தில் நின்று கை காட்டுகிறார், பஸ் நிற்கிறது, ஏறி, இடமிருந்தால் உட்காருகிறார். போகுமிடம் எது என்று கேட்கும் கண்டக்டர் குலம் எது என்று கேட்பதில்லை. இவ்வழக்கம் என்றும் உள்ளதே என்று நம் குழந்தைகள் எண்ணக்கூடும். அவர்களுடைய பாட்டனார் காலத்திலோ, ஆதிதிராவிட மக்களுக்கு இடமில்லை என்று பிரயாணச் சீட்டிலேயே அச்சிட்டு விற்ற பஸ் முதலாளிகள் இந்நாட்டில் இருந்தார்கள். அவ்வநீதியை ஓர் ஆபீஸ் உத்தரவினால் தடுக்கத் துணிந்த பெருந்தகை நம் சமூகத்தில் தோன்றியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். அவருடைய சரிதத்தை, முக்கியமாக அவர் ஜில்லா போர்டுத் தலைவராக ஆற்றிய பணியை, அங்கத்தினர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிதல் நலமென்று கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

சௌந்தரபாண்டியனார் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் தேதி பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். அவ்வூர் பழனி மலையின் அடிவாரத்தில் உள்ளது. அன்று மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது, இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கியது. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம். ஆயினும் அவர் பிறந்த காலம் நம் சமூகத்துக்குச் சோதனைக் காலமாயிருந்தது. 1897-இல் கமுதி ஆலயத்தினுள் நம்மவர் புகுந்து வழிபட்டது குற்றமென்று வழக்குத் தொடரப்பட்டது. 1899-இல் சிவகாசியில் கலகம் மூண்டு வீடுகள் தீக்கிரையாயின, உயிர்களும் மாய்ந்தன. அப்பொழுது அவர் 5 பிராயத்துக் குழந்தை. கமுதி வழக்கு படிப்படியாக ஏறி லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று, 1908-இல் நமக்கு விரோதமாகவே முடிந்தது. காசிருந்தும், கல்வியிருந்தும், கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளையாக அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று நாம் கொள்ளலாம்.

1910-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. பொறையாற்றில் ராவ்பகதூர் இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் மதுரை ஜில்லாவிலிருந்தும் நம் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தார்கள். அதுவரை நம்மோடிருந்த சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் அப்புதிய ஜில்லாவில் சேர்ந்தன. இவ்விரண்டும் சௌந்தரபாண்டியனாரின் வாழ்வில் பின்னர் ஒன்று கூடின. சங்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். ஜஸ்டிஸ் கட்சியைச் சார்ந்து சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்தார். 1920-களின் பிற்பகுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது.

ஜில்லா போர்டு என்பது யாது என்று இக்காலத்து இளைஞர் வினவுவர். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முளைத்து, 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் வளர்ந்த ஸ்தல ஸ்தாபனம் அது. பட்டணங்களுக்கு முனிசிபாலிட்டி எப்படியோ, கிராமங்களுக்கு ஜில்லா போர்டும் அதன் கீழ்த் தாலுகா போர்டும் அப்படி. நிலவரியோடு சேர்த்து வசூலிக்கும் செஸ் வரியும், சுங்கச் சாவடிக் குத்தகையும், சந்தைக் குத்தகையும் அதன் வருமானம். சாலை, பாலம், பள்ளிக்கூடம், வைத்தியசாலை, குடிநீர்க் கிணறு, அம்மை குத்துதல், சத்திரம் ஆகியன அதன் செலவு.

போர்டுக் கூட்டத்தின் நடவடிக்கைகளைக் கேட்பவர்க்கு அவற்றில் சுவை ஒன்றும் தோன்றாது. இன்ன சாலைக்குக் கப்பி போடும் காண்டிராக்டு யாருக்கு, இன்ன ஓடையின் மதகைச் செப்பனிட எவ்வளவு, சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை ஏலம் விடுவது எப்பொழுது, வாந்திபேதி கண்ட கிராமத்தில் கிணற்றுக்கு மருந்திட்டாயிற்றா, ஓர் உபாத்தியாயரை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றலாமா என இவ்வாறே பொழுது போகும். பலர் அப்பதவியைக் கௌரவத்துக்காக வகித்தனர். சிலர் உறவினருக்குக் காண்டிராக்டு கொடுப்பதற்காக வகித்தனர். ஆனால் நம் ஊர்ப் பாய் நெசவைக் கண்டவர்க்கு ஒரு விஷயம் தெரியும். தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, கீறி, இழை இழையாகக் கோத்த பின்னரே பத்தமடைப் பாய் உருவாகிறது. எந்த ஓர் இழையும் தனியே பார்த்தால் அற்பமானது. போர்டின் காரியமும் அத்தகையதே. அற்பமெனத் தோன்றும் அக்காகிதக் கட்டில் மனித உரிமை ஒளிந்திருப்பதைச் சௌந்தரபாண்டியனார் கண்டார்.

அக்காலத்தில் கிராமச் சாலைகளில் மோட்டார் பஸ்கள் புதிதாக ஓடத் தொடங்கியிருந்தன. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமையுண்டு என்று இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டசபை 1924-இல் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே சாலை எல்லோர்க்கும் திறந்துவிட்டது. ஆனால் அச்சாலையில் ஓடும் பஸ்ஸோ தனி மனிதருடைய சொத்து. யாரை ஏற்றுவது, யாரை விலக்குவது என்பது தம் இஷ்டம் என்று முதலாளிகள் கருதினர். சாலையில் நடக்கச் சட்டம் இடங்கொடுத்த ஏழை, கையில் காசை வைத்துக்கொண்டே பஸ்ஸின் புழுதியில் நடந்தான்.

சௌந்தரபாண்டியனார் இதற்காகப் புதிய சட்டம் ஒன்றைத் தேடவில்லை. பஸ் முதலாளியினுடையது, சாலை போர்டினுடையது, அச்சாலையில் பஸ் ஓட்ட லைசென்ஸ் கொடுப்பதும் போர்டே. ஆதலின் ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். பொதுப்பணத்தால் போட்ட சாலையில் பிழைப்பு நடத்துவோர், அப்பொதுமக்களில் ஒரு பகுதியாரைத் தள்ளி வைத்தல் ஆகாது என்பதே அதன் நியாயம். எத்தனை பிரசங்கங்கள் கேட்டும் மனம் மாறாத முதலாளி, லைசென்ஸ் போய்விடும் என்றால் ஒரு நிமிஷம் யோசிப்பான் அன்றோ? சாதாரணமாகக் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக் கொள்ளும் ஒரு காகிதத்தை அவர் நீதியின் கருவியாக்கினார்.

இதன் அருமையை உணர அக்காலத்தின் நிலையை நினைவிற் கொள்ளல் வேண்டும். பத்தமடைக்கு அடுத்துள்ள சேரன்மகாதேவியில் வ. வே. சு. ஐயர் நிறுவிய குருகுலத்தில், பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாமா என்பது பற்றி 1925-இல் எழுந்த பிணக்கு தமிழ்நாடு முழுவதையும் கலக்கியது. தேசத்துக்குத் தொண்டு செய்வதற்கென்றே ஏற்பட்ட ஓரிடத்திலேயே பந்தி பேதம் நீங்குவது அவ்வளவு கடினமாயிருந்தது. அது நடந்து சில ஆண்டுகளுக்குள், அடுத்த ஜில்லாவில், பஸ்ஸில் தோளோடு தோள் உட்கார வேண்டும் என்று ஒரு போர்டுத் தலைவர் உத்தரவிட்டார் என்றால், அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கமுதியிலும் சிவகாசியிலும் நாம் பட்டதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். ஆனால் மேலே ஏற விரும்பும் சமூகம், தனக்குக் கீழே என்று நினைக்கப்படுவோர் ஏறும் படியைக் காலால் தள்ளிவிடுவதும் உலகத்தில் உண்டு. நம் கடைகளிலும் கிணற்றடிகளிலும் அக்குற்றம் ஒருநாளும் நிகழ்ந்ததில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல நம்மால் இயலுமா? சௌந்தரபாண்டியனார் தம் பதவியை நம் சமூகத்துக்கு மட்டும் சலுகை தேடப் பயன்படுத்தியிருந்தால், நாம் அவரைப் புகழ்ந்திருப்போம், உலகம் மறந்திருக்கும். நாம் பட்ட துன்பத்தை மற்றொருவர் படலாகாது என்று அவர் கருதினார். அதனாலேயே பெரியவரானார்.

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடியது. அதற்கு அக்கிராசனம் வகித்தவர் அவரே. பெயருக்குப் பின்னால் வரும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தனர். அவரும் தம் பட்டத்தை விட்டார். ஜாதியின் பெயரால் கூடிய நம் போன்ற சங்கத்தாருக்கு இது சிறிது சங்கடமான விஷயந்தான். நம் தலைவர் நம் பெயரையே உதறிவிட்டாரே என்று மனம் நொந்தவரும் இருந்திருக்கலாம். ஆயினும் சிந்தித்துப் பார்த்தால் அவர் சங்கத்தின் நோக்கத்துக்கு மாறாக நடக்கவில்லை. கல்வியும் மானமும் தேடிக் கூடிய கூட்டம், அவை கிடைத்தபின் அடுத்தவரின் மானத்துக்கும் காவலாக நிற்றல் வேண்டும். பட்டத்தை வைத்திருப்பதா விடுவதா என்பதை அவரவர் மனத்துக்கு விடலாம். இக்கடமையை விடுதற்கு இல்லை.

1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆதிதிராவிடர் ஐவரும் நம்மவர் ஒருவரும் ஒருங்கே நுழைந்தனர். கமுதியில் மூடிய கதவு மதுரையில் திறந்தபோது, நாம் தனியே நுழையவில்லை. அவர்களோடு சேர்ந்தே நுழைந்தோம். பஸ்ஸில் ஒன்றாய் அமரச் செய்தவரின் வழி சரியானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

சௌந்தரபாண்டியனார் 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ஆம் தேதி, தமது 59-ஆம் பிராயத்தில் காலமானார். சென்னைத் தியாகராய நகரில் அவர் பெயரால் ஏற்பட்ட அங்காடியை ஜனங்கள் பாண்டி பஜார் என்று சுருக்கி அழைக்கின்றனர். அங்கே துணி வாங்கும் பல்லாயிரம் பேரில் அப்பெயர் யாருடையது என்று அறிந்தோர் சிலரே. ஜில்லா போர்டுகளும் 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தால் மறைந்தன. அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவும் 1985-இல் மூன்றாகப் பிரிந்தது.

போர்டு போயினும் அதன் வேலை போகவில்லை. சாலையும், தெருவிளக்கும், குடிநீர்க் குழாயும், பள்ளிக்கூடமும் இன்று பஞ்சாயத்துகளின் கையில் இருக்கின்றன. நம் அங்கத்தினர் பலர் அவற்றில் தேர்தலுக்கு நிற்கின்றனர். சிலர் தலைவராகவும் அமர்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. மாலையும் மேளமும் ஒரு நாளோடு தீரும். மறுநாள் மேஜை மீது ஒரு காகிதம் வரும்: எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்தச் சுடுகாட்டுக்கு முதலில் பாதை என்று. அதில் கையெழுத்திடுமுன், சாலையோரத்தில் காசோடு நின்றும் பஸ்ஸில் இடம் பெறாத அம்மனிதனை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். சௌந்தரபாண்டியனாருக்கு நாம் செய்யத்தக்க நினைவு விழா அதுவே.