தண்டியடிகள் கட்டிய கயிறு

நன்னிலத்தில் ரயில் ஏறினால் அடுத்துத் திருவாரூர் வந்துவிடும். தியாகராஜர் கோயிலின் மேற்கே நடந்தால் கமலாலயத் திருக்குளம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீரோடை ஐந்து வேலி என்பது எங்கள் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஐந்து வேலி என்றால் ஏறத்தாழ 33 ஏக்கர். நடுவே தீவுபோல ஒரு சிவன் கோயிலையும் தாங்கி நிற்கும் இந்த நீர்ப்பரப்பை முதன்முறையாகக் காண்பவர்கள் ஏரி என்றே எண்ணுவார்கள். மண் மூடிச் சுருங்கிக்கொண்டிருந்த இக்குளத்தை அகலப்படுத்த, பார்வையில்லாத ஒருவர் எவர் துணையுமின்றி மண் வெட்டிச் சுமந்தார் என்கிறது பெரியபுராணம். அவர்தாம் தண்டியடிகள்; அறுபத்து மூவருள் ஒருவர். பங்குனி மாதம் சதய நாளில் அவருக்குக் குருபூஜை நடைபெறுகிறது.

நாயன்மார்களின் வரலாற்றைச் சொல்லத் தகுதி வாய்ந்த புலவர்கள் இந்நாட்டில் நிறைய உண்டு. நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். தண்டியடிகளைப் பற்றி எழுத எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தண்டியடிகளின் காலத்தைத் துல்லியமாக வரையறுக்க இயலாது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரைப் போற்றுவதால், அவருக்கு முற்பட்டவர் எனக் கொள்ளலாம். நம்பியாண்டார் நம்பி அவரது செயலைச் சுருக்கமாகப் பதிவு செய்தார். 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்த சேக்கிழார் அதை விரித்துரைத்தார். இதில் ஒரு விந்தையும் உண்டு. தண்டியடிகளை அடியார் வரிசையில் சேர்த்த சுந்தரரே பின்னாளில் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியபோது பார்வையிழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது வரலாறு. எங்கள் நன்னிலத்துப் பெருங்கோயிலைப் பாடியவரும் அவரே. கோல் தட்டி நடப்பதன் வலியை அவர் அறிந்திருக்கிறார்.

தண்டியடிகள் திருவாரூரில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வையில்லாதவர். நாள்தோறும் கோயிலுக்குச் சென்று, தேவாசிரிய மண்டபத்தின் முன் வணங்கி, ஐந்தெழுத்தை ஓதியபடி வலம் வருவது அவர் வழக்கம். பக்தி நூலாகப் படிப்பவர்கள் இவ்விடத்தை விரைவாகக் கடந்துவிடுவார்கள். என் தொழில் காரணமாக நான் இங்கே சற்று நின்றுவிடுகிறேன். அவ்வளவு பெரிய கோயிலை ஒருவர் ஆண்டுக்கணக்கில் தினமும் வலம் வந்தால், அவருடைய பாதங்களுக்கே அந்த இடம் மனப்பாடமாகிவிடும். எங்கே கல்தளம் முடிந்து மண் தொடங்குகிறது, எந்தத் திருப்பத்தில் காற்று முகத்தில் படுகிறது, எங்கே குரல் எதிரொலிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பிற்காலத்தில் மண்வெட்டியை ஏந்திய உடலை, முன்னரே பல்லாண்டுக் கால நடை பழக்கி வைத்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அந்நாளில் குளத்தின் கரைகளில் சமணர்களின் இருப்பிடங்கள் பெருகி, குளம் குறுகிப்போயிருந்தது. அதைக் கேட்டறிந்த தண்டியடிகள் குளத்தைத் தோண்டி அகலமாக்குவது தம் கடன் எனத் துணிந்தார். துணிவு மட்டும் போதாது, செய்முறை வேண்டும். மண்ணை வெட்டும் இடத்தில் ஒரு தறியை நட்டார். மண்ணைக் கொட்ட வேண்டிய கரையில் இன்னொரு தறியை நட்டார். இரண்டையும் இணைத்துக் கயிறு கட்டினார். வெட்டிய மண்ணைக் கூடையில் நிரப்பிச் சுமந்து, கயிற்றைத் தடவியபடியே கரையேறிக் கொட்டினார். அதே கயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பினார். மீண்டும் வெட்டினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சரிவில் ஏறும்போது கயிறும் ஏறும். இறங்கும்போது அதுவும் இறங்கும். எவ்வளவு தொலைவு போயிற்று, எவ்வளவு மீதம் என்பதைக் கையே சொல்லிவிடும். தலையில் ஈரமண் கூடையோடு நடப்பவனுக்கு உடலின் நிலை தடுமாறாமல் இருக்க ஒரு விரல் அளவு ஆதாரம் போதும். வெட்டுமிடம் நகர நகரத் தறியையும் பிடுங்கி மறுபடி நட்டிருக்க வேண்டும். யாருடைய கையையும் பிடித்துக்கொண்டு அவர் நடக்கவில்லை. தமக்கு வேண்டிய வழியைத் தாமே அமைத்துக்கொண்டார்.

இதைக் கண்டு பொறாத சமணர்கள், மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுத்தார்கள். இது சிவத்தொண்டு, இதன் அருமை உங்களுக்கு விளங்காது என்று அவர் மறுத்தார். கண்ணோடு காதும் போயிற்றோ என்று அவர்கள் இகழ்ந்தார்கள். பேச்சு முற்றியது. அவருக்குக் கண் கிடைத்தால் நாங்கள் இவ்வூரில் இருக்கமாட்டோம் என்று சூளுரைத்தவர்கள், அவர் கையிலிருந்த மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். நட்டிருந்த தறிகளைப் பிடுங்கிக் கயிற்றையும் அறுத்தெறிந்தார்கள்.

இங்கே ஒரு குறிப்பு அவசியம். இது சைவர் எழுதிய வரலாறு. சமயப் பூசல் மிகுந்த காலத்தை நினைவுகூர்வது. சமணத் தரப்பின் குரல் இதில் இல்லை. இதே திருவாரூர் மாவட்டத்தில் தீபங்குடியில் தமிழ்ச் சமணர்களின் பழங்கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தமிழுக்கு அவர்கள் செய்த தொண்டு நாடறிந்தது. ஆகவே பழைய பகையை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தறியைப் பிடுங்கும் கை எந்தச் சமயத்தவருடையதாகவும் இருக்கலாம். ஒருமுறை அது என்னுடையதாக இருந்தது.

எஞ்சிய வரலாறு பலரும் அறிந்தது. தண்டியடிகள் மனம் நொந்து இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அவர் கனவிலும் சோழ மன்னன் கனவிலும் தோன்றினான். மறுநாள் மன்னன் முன்னிலையில் அடிகள் குளத்தில் மூழ்கி, பார்வையுடன் எழுந்தார். எதிர்த்தவர்கள் பார்வையிழந்து தடுமாறி ஊரைவிட்டு நீங்கினார்கள். மன்னன் குளத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தான்.

சொற்பொழிவுகளில் கண் திறந்த கட்டமே பெரிதாகப் பேசப்படும். அந்த அற்புதத்தை நம்புவோரோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால், பார்வையில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் மனம் எங்கே போகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கண் வந்தால்தான் எல்லாம் என்றல்லவா அவர்களுக்குத் தோன்றும்? சேக்கிழார் சொல்லும் வரிசையைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். கயிறு இருந்தவரை அடிகளுக்குப் பார்வையின்மை ஒரு தடையாகவே இல்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கயிற்றைப் பறித்த பிறகே அவர் இறைவனிடம் அழுதார்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன்.

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நன்னிலம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, ஏழாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவன் ஒருவன் சேர்ந்தான். பாடங்களைக் காதால் கேட்டே நன்றாகப் படித்தான். விளையாட்டு நேரத்தில் அவனைப் புங்கமரத்தடியில் உட்காரவைத்து, மற்ற பிள்ளைகளின் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தேன். அதைக் கருணை என்றே நம்பினேன். அவனோ குனிந்த தலையோடு, கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான். உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். பார்வையில்லாதவர்களின் இயல்பு இது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை அவன் வீட்டுக்குப் போக நேர்ந்தது. கொல்லையில், வீட்டுச் சுவருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இடையே துணி உலர்த்தும் கொடி கட்டியிருந்தார்கள். ஒரு கையால் அக்கொடியைத் தொட்டபடி அந்தப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். கொட்டகையைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். தலை நிமிர்ந்திருந்தது. பாதங்கள் மண்ணை விட்டு எழும்பின. பள்ளியில் நான் அறிந்த பையன் அல்லன் அவன்.

அதன் பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் செல்மா ஃபிரைபெர்க் பிறவியிலேயே பார்வையற்ற பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்குழந்தைகள் மற்றவர்களைப் போலவே ஏறத்தாழ உரிய காலத்தில் உட்கார்ந்தார்கள், நின்றார்கள். தவழ்வதும் நடப்பதும் மட்டும் பிந்தின. உடலில் குறை இல்லை. சற்றுத் தள்ளிக் கிடக்கும் பொம்மையைக் கண்ட குழந்தை அதைப் பிடிக்கத் தவழ்கிறது. காணாத குழந்தைக்கு அந்த ஆசை எழ வழியில்லை. ஓசையை நோக்கிக் கை நீட்டும் பழக்கம் முதலாண்டின் இறுதியை ஒட்டியே வருகிறது. அது வந்த பிறகே தவழ்தல் தொடங்குகிறது. ஆகவே கிலுகிலுப்பையை ஆட்டி, அதைத் தொடவிட்டு, மெல்லத் தள்ளி வைத்துப் பழக்க வேண்டும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் மர நடைவண்டி இப்பிள்ளைகளுக்கு இருமடங்கு உதவும். அது பிடித்து நடக்க ஊன்றாகும்; முன்னே இருக்கும் சுவரில் முதலில் தானே மோதிக் குழந்தைக்கு அறிவிக்கவும் செய்யும்.

நாமோ விழுந்துவிடுவான் என்று தூக்கியே வைத்திருக்கிறோம். பார்வையற்ற சிறுவர்கள் உடலின் சமநிலையிலும் பந்தைக் கையாள்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்குவதாகவும், குறைவாகவே ஓடியாடுவதாகவும் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. இதில் கண்ணின் பங்கு எவ்வளவு, வாய்ப்பு மறுக்கப்பட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. புங்கமரத்தடியில் உட்கார்ந்து கழித்த மணிநேரங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறுவாரமே மைதானத்தின் ஓரமாக இரண்டு மூங்கில் கழிகளை நட்டுக் கயிறு கட்டினேன். பையன் ஓடினான். முதல் நாள் தயங்கினான். மூன்றாம் நாள் மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம் விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, ஒரு விரல் நீளம். அன்றைக்குக் கபடியில் வேறு இருவருக்கு அதைவிடப் பெரிய காயம் பட்டிருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இவன் காயத்துக்கு மட்டும் விசாரணை வந்தது. ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இருந்தது, சொல்லத் துணிவில்லை. மாலை மணி அடித்த பின் நானே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன்; கழிகளைப் பிடுங்கினேன். அடுத்த விளையாட்டு நேரத்தில் அவன் வழக்கமான இடத்தில் கையை நீட்டித் துழாவினான். பிறகு எதுவும் கேட்காமல் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான். மறு ஆண்டு சிறப்புப் பள்ளி ஒன்றில் சேர்ந்து ஊரைவிட்டுப் போனான்.

உலகம் இதில் வெகுதூரம் சென்றுவிட்டது. போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான கோல்பால் ஆட்டம் 1976 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுகிறது. அதன் ஆடுகளத்தில் ஒவ்வொரு கோட்டின் அடியிலும் மெல்லிய கயிறு பதித்து மேலே பட்டை ஒட்டியிருப்பார்கள். ஆடுபவர் கையாலும் காலாலும் தடவித் தம் இடத்தை அறிவார். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் இரும்புக் குண்டுமணிகள் ஒலிக்கின்றன. பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டப்பந்தயத்தில் வழிகாட்டியும் வீரரும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து ஓடுகிறார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றபோது அவரருகே வழிகாட்டி வீரர் அபய் சிங்கும் ஓடிவந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நெடுநேரம் எழுந்திருக்காமல் அமர்ந்திருந்தேன்.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு, கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்கிறது. இன்று பார்வையற்ற பிள்ளைகள் பலர் சாதாரணப் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். பிரெய்ல் நூலும் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் அவர்களுக்கு வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். விளையாட்டு நேரம் வரும்போது மரத்தடியைத்தான் காட்டுகிறோம்.

திருவாரூர் மாவட்டத்துக் கல்வித்துறைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பங்குனி சதயத்தன்று, தண்டியடிகள் பெயரால், பார்வையற்ற சிறுவர் சிறுமியருக்கு ஓர் ஓட்டப்பந்தயம் நடத்த வேண்டும். குளக்கரையில் வேண்டாம், சமதளமான பள்ளி மைதானம் ஒன்றில் நடத்தலாம். செலவு அதிகமில்லை. ஐம்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு உறுதியான கம்பங்கள். பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய நைலான் கயிறு. அதில் கோத்து வழுக்கி ஓடும் ஒரு வளையம், கை உராயாமலிருக்க. முடிவிடத்துக்கு ஐந்து மீட்டர் முன்பாகக் கயிற்றில் ஒரு துணி முடிச்சுப் போட்டால் ஓடுபவருக்கு வேகம் தணிக்க அறிவிப்பு கிடைத்துவிடும். எதிர்முனையில் நின்று கைதட்டி அழைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நான் வருகிறேன்.