பதினைந்து லட்சமும் முந்நூறு ஏக்கரும்

புதுக்கோட்டையில் பஸ் ஏறி, திருமயம் கோட்டையைத் தாண்டி, காரைக்குடிக்குப் போய்ப் படித்தவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. அறந்தாங்கிப் பக்கத்து நண்பர்கள் புதுவயல், கோட்டையூர் வழியாக வருவார்கள். நாலு வருஷம் அந்த வழியிலேயே போய் வந்தோம். ஆனால் கோட்டையூரில் பிறந்த ஒரு மனிதரைப் பற்றி அப்போது நமக்கு என்ன தெரியும்? காலேஜ் பேருக்கு முன்னால் ஒட்டியிருக்கிற ஒரு பேர். அவ்வளவுதான். இந்த மலரிலாவது அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909 ஏப்ரல் 6-ஆம் தேதி கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் படித்ததும் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பல் ஏறுவது வழக்கமாயிருந்த காலம் அது. இவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். பிறகு லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே ஒரு வங்கியில் பயிற்சி எடுத்தார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியவர் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. கேரளத்தில் ஜவுளி ஆலை, மலாயாவில் ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டம், இன்ஷூரன்ஸ், விமானக் கம்பெனி என்று கை வைத்த தொழில்கள் பல. பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் கொடுத்தது. சுதந்திரம் வந்ததும் அந்தப் பட்டத்தை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

சம்பாதித்தவர்கள் பல பேர். இவரை நாம் நினைப்பது கொடுத்த விதத்துக்காக. 1944-ல் சென்னை கிண்டியில் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கு இவர் தந்தது ஐந்து லட்சம் ரூபாய். 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கே பேசும்போது, மாகாணத்தில் கல்லூரிகள் போதாது, வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் தருவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 11-ஆம் தேதி காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. இன்றைக்கு ஒரு பைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக ஆகும் நேரத்தில் ஒரு கல்லூரியே வந்துவிட்டது என்றால் மிகையாகாது.

இப்போது இன்னொரு முதலியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லட்சுமணசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர் ஆற்காடு ராமசாமி முதலியார், போர் தொடங்கிய காலத்தில் டெல்லியில் வைஸ்ராய் நிர்வாக சபையில் வர்த்தக உறுப்பினர். இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டுச் சரக்கு வருவது தடைப்பட்டது. நம் நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்தாக வேண்டும் என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1940-ல் ஒரு ஆராய்ச்சி வாரியம் ஏற்பட்டது. லாகூரில் ரசாயனப் பேராசிரியராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் பொறுப்புக்கு வந்தார். வருஷத்துக்குப் பத்து லட்சம் வீதம் ஐந்து வருஷத்துக்குத் தொழில் ஆராய்ச்சி நிதி ஒதுக்க 1941 நவம்பரில் மத்திய சட்டசபை இசைந்தது. 1942-ல் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., பிறந்தது.

நாடு முழுவதும் தேசிய ஆய்வகங்கள் வேண்டும் என்பது பட்நாகரின் திட்டம். அரசுப் பணம் மட்டும் வைத்து அது நடக்காது என்று அவருக்குத் தெரியும். புனே ரசாயன ஆய்வகத்துக்கும் ஜாம்ஷெட்பூர் உலோக ஆய்வகத்துக்கும் டாட்டா அறக்கட்டளை உதவியது. மைசூர் உணவு ஆய்வகம் அரண்மனைக் கட்டிடம் ஒன்றில் அமைந்தது. எல்லாமே பெரிய நகரங்கள். இந்த வரிசையில் காரைக்குடிக்கு என்ன வேலை? பொட்டல் காடு, கண்மாய்த் தண்ணீர், சுற்றுவட்டாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொழிற்சாலை இல்லை.

அங்கேதான் அழகப்பர் குறுக்கிட்டார். மின்வேதியியல் ஆய்வகத்தை காரைக்குடியில் வைக்க முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாய் ரொக்கமும் தர முன்வந்தார். இந்தத் தொகையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாடு முழுவதுக்குமான ஆராய்ச்சி நிதியாக ஆரம்பத்தில் சர்க்கார் ஒதுக்கியது வருஷத்துக்குப் பத்து லட்சம். ஒரு தனி மனிதர் ஒரே ஆய்வகத்துக்குக் கொடுத்தது அதைப் போல ஒன்றரை மடங்கு!

1948 மார்ச் 3-ல் நம்ம புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. அது நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 25-ல் பண்டித நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். நம் பொறியியல் கல்லூரி இதற்கிடையில் 1952-லேயே தொடங்கிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் ஆராய்ச்சியும் படிப்பும் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

நாமெல்லாம் ‘சிக்ரி’ என்று சொல்லும் அந்த ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? மின்சாரமும் ரசாயனமும் சேருகிற எல்லாமே அவர்கள் பாடம்தான். பேட்டரி, முலாம் பூசுதல், காஸ்டிக் சோடா தயாரிப்பு, இரும்பு துருப்பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். காஸ்டிக் சோடா ஆலைகளில் தேய்ந்துகொண்டே போகும் கிராபைட்டுக்குப் பதிலாக டைட்டானியத்தாலான மின்வாயை உருவாக்கித் தந்தார்கள். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். படித்த நாலு வருஷத்தில் நான் சிக்ரி வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. அங்கே விஞ்ஞானிகள் இருப்பாங்க, நமக்கு எதுக்கு என்ற நினைப்பு. பிற்பாடு வேலை பார்த்த ஒரு ஆலையில் கடல்நீர் ஓடும் பைப் இரண்டே வருஷத்தில் ஊசி குத்தினது போல ஓட்டை விழுந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தபோது, நான் தேடின கட்டுரைகளில் பாதி காரைக்குடியில் எழுதினவை! ஹாஸ்டலிலிருந்து நடந்தே போயிருக்கலாம். அழகப்பர் இரண்டையும் அருகருகே வைத்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பள்ளிகள் என்று கொடுத்துக்கொண்டே போனார். கோட்டையூரில் தான் வாழ்ந்த வீட்டையும் கல்விக்கே விட்டார். கடைசி வருஷங்களில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி, நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், காலமானார். அவர் பேரில் பல்கலைக்கழகம் வந்தது 1985-ல். நம்மில் பலர் இப்போது அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம், சிலர் தாண்டிவிட்டோம்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே கேள்வி திரும்ப வந்திருக்கிறது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2023-ல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி ‘அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை’ என்ற நிதி அமைப்பை ஏற்படுத்தியது. ஐந்து வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கோடி என்பது திட்டம். அதில் அரசு போடுவது பதினாலாயிரம் கோடிதான். மிச்சம் தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டும். சர்க்கார் கதவைத் திறந்து வைத்தாயிற்று. உள்ளே வர அழகப்பர்கள் வேண்டும்.

லட்சங்கள் கொடுக்க நம் எல்லோராலும் முடியாது. ஆனால் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் புராஜெக்ட் செலவை ஏற்கலாம். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைப்பது வழக்கம். அப்போது நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டலாம். நாம் நாலு வருஷமும் தாண்டாத வாசலை அந்தப் பிள்ளைகளாவது தாண்டட்டும். வள்ளலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.