அன்னா ஜீன்ஸ் விட்டுப்போன சொத்து

நம்ம சங்கக் கூட்டத்தில் அறக்கட்டளைப் பேச்சு வந்தாலே நுழைவு வளைவா, கலையரங்க மேடையா என்றுதான் விவாதம் போகும். ஓராசிரியர் பள்ளியில் படித்துவிட்டு இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான். எனக்கு அப்போதெல்லாம் அமெரிக்காவின் அன்னா ஜீன்ஸ் அம்மையார்தான் நினைவுக்கு வருவார்.

1822-இல் பிலடெல்பியாவில், குவேக்கர் என்ற எளிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமாக, குடும்பச் சொத்து முதிய வயதில் இவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு முதியோர் இல்லம் கட்டக் கொடுத்து, கடைசி நாட்களைத் தாமும் அங்கேயே கழித்தார்.

அடிமை முறை 1865-இல் ஒழிந்தும், தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளின் கிராமப் பள்ளிகள் பரிதாபமாகவே கிடந்தன. ஒரே அறை, வருஷத்தில் சில மாதம்தான் வகுப்பு. பெரிய கல்லூரிகளுக்குக் கொடுக்க ஆள் இருந்தார்கள், இவற்றைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. 1907-இல் அம்மையார் பத்து லட்சம் டாலரை நிதியாக ஒதுக்கி, புக்கர் வாஷிங்டன், ஹாலிஸ் ஃபிரிஸல் ஆகிய இருவரிடம் ஒப்படைத்தார். சின்னக் கிராமப் பள்ளிகளுக்கு மட்டுமே செலவழிக்கணும் என்பது நிபந்தனை. எப்படி என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறங்காவலர் குழுவில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் அபூர்வம்.

அந்தப் பணம் செங்கல்லுக்குப் போகவில்லை, ஆளுக்குப் போனது. வர்ஜீனியாவில் ஹென்ரைக்கோ என்ற வட்டாரத்தில் வர்ஜீனியா ராண்டால்ஃப் என்ற ஆசிரியை இருந்தார். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகள். தன் ஓரறைப் பள்ளியின் முற்றத்தைச் சீராக்கி, செடி நட்டு, தையலும் சமையலும் சொல்லிக்கொடுத்து, பெற்றோரையும் பள்ளிக்கு வரவழைத்தவர். 1908-இல் ஜீன்ஸ் நிதி அவருக்குச் சம்பளம் கொடுத்து, சுற்றுவட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பியது. அவரைப் பார்த்துத் தென் மாநிலங்கள் எங்கும் ஜீன்ஸ் ஆசிரியைகள் கிளம்பினார்கள். கென்யாவின் கபேட்டேயில் 1925-இல் ஜீன்ஸ் பெயரிலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வந்தது.

அம்மையாரிடமும் பிடிவாதம் இல்லாமல் இல்லை. 1907 செப்டம்பரில் காலமானபோது, ஸ்வார்த்மோர் கல்லூரிக்கு நிலக்கரி நிலங்களை உயிலில் எழுதி வைத்திருந்தார். பிற கல்லூரிகளோடு விளையாட்டுப் போட்டியே நடத்தக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை! கல்லூரி யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. (நம்ம கபடி டீம் பையன்கள் நிம்மதியாக மூச்சு விடலாம்.) போல்ட்டுக்குத் துளை போடும்போது கொஞ்சம் இடைவெளி விடுவோம். பள்ளி நிதியில் அவர் விட்ட இடைவெளி இந்த உயிலில் இல்லை.

ஜீன்ஸ் நிதி 1937-இல் வேறு சில நிதிகளோடு சேர்ந்து தென்னகக் கல்வி அறக்கட்டளையானது. இன்றும் இயங்கி வருகிறது.