விண்ணில் ஒரு போர்க்களம்: இராபர்ட் ஹைன்லைன்

போர் கொடியது, போர்க்கதையோ இனியது. மனிதன் கதை சொல்லத் தொடங்கிய நாள்முதல் இந்த முரண்பாடு இருந்து வருகிறது. வாளும் வேலும் ஏந்தி நடந்த போர்களைப் பாடிய உலகம், இருபதாம் நூற்றாண்டில் விண்கலங்களும் கதிர்த் துப்பாக்கிகளும் கொண்டு நடக்கும் கற்பனைப் போர்களை எழுதத் தொடங்கியது. அமெரிக்காவில் மலிவான தாளில் அச்சாகி வந்த மாத இதழ்கள் இவ்வகைக் கதைகளால் நிறைந்தன. 1941ஆம் ஆண்டில் வில்சன் டக்கர் என்பவர் இவற்றுக்கு ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்று ஒரு கேலிப் பெயர் சூட்டினார். விண்வெளிக் கூத்து என்று நாம் அதைச் சொல்லலாம்.

இக்கூத்தின் முன்னோடி இ. இ. ஸ்மித். வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற அவருக்கு, டோனட் என்னும் பலகாரத்துக்கு ஏற்ற மாவுக் கலவைகளை ஆராய்வது தொழில். அண்டங்களை மோதவிட்டுக் கதை எழுதுவது பொழுதுபோக்கு. 1928இல் வெளிவரத் தொடங்கிய அவர் கதைகளில் நல்லவர் யார், தீயவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. படித்தோம், மகிழ்ந்தோம் என்பதோடு அவை முடிந்துவிடும்.

இந்த விளையாட்டுக் களத்தின் நடுவே, ஒரு நாட்டில் வாக்குரிமை யாருக்கு உரியது என்னும் வினாவை நட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாத வழக்கொன்றைத் தொடங்கி வைத்தவர் இராபர்ட் ஏன்சன் ஹைன்லைன். அவ்வினா எங்கிருந்து முளைத்தது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

இளமையும் கடற்படையும்

ஹைன்லைன் 1907ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பட்லர் என்னும் சிற்றூரில் பிறந்தார். கான்சஸ் நகரில் வளர்ந்தார். அன்னாபொலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரியில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். அக்காலத்தின் புதுமையான விமானந்தாங்கிக் கப்பல்களுள் ஒன்றாகிய ‘லெக்சிங்டன்’ கப்பலில் பணி கிடைத்தது. அதன் தலைவராக அப்போது இருந்தவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கே தலைமை தாங்கிய எர்னஸ்ட் கிங். அடுத்து ‘ரோப்பர்’ என்னும் போர்க்கப்பலிலும் ஹைன்லைன் பணிபுரிந்தார்.

வாழ்நாள் முழுதும் கடற்படை அதிகாரியாக வாழவே அவர் விரும்பினார். விதி வேறாக இருந்தது. காசநோய் அவரைப் பற்றியது. 1934ஆம் ஆண்டில், 27 வயதில், படைப்பணிக்குத் தகுதியற்றவர் என்று ஓய்வூதியத்துடன் அனுப்பப்பட்டார். பயிற்சி முழுவதையும் பெற்றுப் போர்க்களத்தையே காணாமல் திரும்பிய வீரர் அவர். இந்த ஒரு செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

அரசியலில் தோல்வி, எழுத்தில் வெற்றி

கலிபோர்னியாவில் குடியேறிய ஹைன்லைன் அரசியலில் இறங்கினார். அவர் சேர்ந்த அணி பலருக்கு வியப்பளிக்கும். புகழ்பெற்ற எழுத்தாளரும் சமதர்மவாதியுமான அப்டன் சின்க்ளேர் 1934இல் அம்மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்தோருக்கு, மூடிக் கிடக்கும் ஆலைகளையும் தரிசாய்க் கிடக்கும் நிலங்களையும் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய வறுமை ஒழிப்பு இயக்கத்தின் கொள்கை. அவ்வியக்கத்தில் ஹைன்லைன் முனைந்து உழைத்தார். சின்க்ளேர் தோற்றார். 1938இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஹைன்லைனே போட்டியிட்டார், அவரும் தோற்றார்.

வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. கடனை அடைக்க ஒரு கதை எழுதி அனுப்பினார். ஜான் கேம்ப்பெல் ஆசிரியராக இருந்த ‘அஸ்டவுண்டிங்’ இதழ் அதை 70 டாலருக்கு வாங்கி, 1939 ஆகஸ்டு இதழில் வெளியிட்டது. அன்றுமுதல் எழுத்தே அவர் தொழிலாயிற்று. ஓரிரு ஆண்டுகளிலேயே அத்துறையின் முதல்வரிசை எழுத்தாளராக உயர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது அவர் மீண்டும் படைப்பணியை நாடினார். உடல்நிலை இடந்தரவில்லை. ஆகவே பிலடெல்பியாவிலிருந்த கடற்படை ஆய்வு நிலையத்தில் சிவிலியன் பொறியாளராகச் சேர்ந்தார். ஐசக் அசிமாவ் உள்ளிட்ட எழுத்தாளர்களும் அங்கே பணிபுரிந்தனர். அங்குச் சந்தித்த வர்ஜீனியா என்னும் கடற்படைப் பெண் அதிகாரியைப் பின்னர் 1948இல் மணந்தார். அவர் நண்பர்களும் உடன்பயின்றோரும் கடலில் போரிட்டபோது, அவர் கரையில் இருக்க நேர்ந்தது.

போருக்குப் பின், 1947 முதல், ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்துக்காகச் சிறுவர்க்கான விண்வெளி நாவல்களை ஆண்டுக்கொன்றாகப் பன்னிரண்டு எழுதினார். பிற்காலத்து விண்வெளி அறிவியலார் பலருக்கு முதல் கனவைத் தந்தவை அந்நூல்கள்.

அணுகுண்டும் ஒரு நாவலும்

1958ஆம் ஆண்டில் அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா நிறுத்தவேண்டும் என்று கோரி, அமைதி இயக்கமொன்று செய்தித்தாள்களில் விளம்பரம் வெளியிட்டது. சோவியத்து ஒன்றியத்தை நம்பிச் சோதனையைக் கைவிடுவது நாட்டைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று ஹைன்லைன் கருதினார். தம் ஊரான கொலராடோ ஸ்பிரிங்ஸில் சொந்தச் செலவில் மறுப்பு விளம்பரம் வெளியிட்டுக் கையெழுத்தும் திரட்டினார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அதிபர் ஐசன்ஹோவர் சோதனைகளை நிறுத்திவைத்தார். ஹைன்லைனின் உள்ளம் கொதித்தது. எழுதிக்கொண்டிருந்த வேறொரு நாவலை மூடிவைத்துவிட்டு, ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ என்னும் நாவலை எழுதினார். விண்கலப் படைவீரர்கள் என்பது அதன் பொருள். சிறுவர் நூலாக இதை ஏற்க ஸ்கிரிப்னர்ஸ் மறுத்தது. 1959இல் புட்னம் பதிப்பகம் வெளியிட்டது. 1960இல் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது.

கதையின் சுவை

ஜானி ரீக்கோ என்னும் இளைஞன் பள்ளிப் படிப்பு முடித்துத் தந்தையின் சொல்லை மீறிப் படையில் சேர்கிறான், கடும் பயிற்சி பெறுகிறான், பூச்சியினத்தைப் போன்ற வேற்றுக்கோள் உயிர்களோடு போரிடுகிறான், இறுதியில் அதிகாரியாகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் சொல்லப்பட்ட முறை புதியது. முதல் இயலிலேயே வாசகர் விண்கலத்திலிருந்து எதிரியின் கோளில் வீழ்த்தப்படுகிறார். வீரன் அணியும் எந்திரக் கவசம் அவனைக் கட்டடங்களைத் தாண்டிக் குதிக்க வைக்கிறது. அணிந்தவனின் உடல் அசைவை அறிந்து தானே இயங்கும் அக்கவசம், பின்னர் ஜப்பானியப் படக்கதைகள் வரை பரவிற்று. ரீக்கோ பிலிப்பைன்ஸ் வழிவந்தவன், அவன் தாய்மொழி தகாலோக் என்பதை ஆசிரியர் நூலின் முடிவை ஒட்டித்தான் ஓசைப்படாமல் சொல்கிறார். வெள்ளையரே வீரராக விளங்கிய 1959ஆம் ஆண்டுக் கதையுலகில் அது துணிச்சலான செயல்.

இவற்றினும் பெரிய சுவை ஒன்றுண்டு. தனியாக நின்ற இளைஞன் ஒருவன், தனக்காக உயிர்விடத் துணிந்த தோழர் கூட்டத்தில் ஒருவனாகிவிடும் இன்பமே அது. ஹைன்லைன் 27 வயதில் இழந்தது அதைத்தான். இழந்தவன் எழுதும்போது இழந்த பொருள் பொன்னாக மின்னுவது இயல்பு.

கதைக்குள் அரசியல்

அக்கதை நடக்கும் உலகில், தாமாக முன்வந்து அரசுப்பணி ஆற்றி முடித்தவர்க்கே வாக்குரிமையும் பதவியும் உண்டு. மற்றவர் வாழலாம், பொருளீட்டலாம், ஆளமுடியாது. பொதுநலத்தைத் தன் உயிரினும் மேலாக மதிக்கத் தெரிந்தவனிடமே அதிகாரம் இருக்கவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கசையடித் தண்டனையும் அங்கே போற்றப்படுகிறது. வாக்குரிமை என்பது உழைத்து ஈட்டவேண்டிய பரிசா, பிறப்போடு வரும் உரிமையா? வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்னும் நெறியில் வளர்ந்த நமக்கு இவ்வினா அதிர்ச்சி தருவதே.

ஹைன்லைனுக்கு நீதி வழங்கவும் நாம் கடமைப்பட்டுள்ளோம். கட்டாயப் படைச்சேர்ப்பை அவர் அடிமைத்தனமாகவே கருதி எதிர்த்தார். அவர் படைத்த உலகில் பணியிலிருக்கும் படைவீரனுக்கும் வாக்கில்லை. ஆகவே அது படைத்தலைவர்களின் ஆட்சி அன்று. அரசுப்பணி என்றது பெரும்பாலும் படை சாராத பணிகளையே என்று 1980இல் வந்த தொகுப்பு நூலொன்றில் அவர் விளக்கமும் தந்தார். எனினும் நாவல் நமக்குக் காட்டுவது படையை மட்டுமே என்று திறனாய்வாளர்கள் விடவில்லை.

வாதத்தினும் வலிமையாக அரசியல் பேசுவது கதையின் அமைப்பு. வகுப்பறைக் காட்சிகளில் ஆசிரியரே எப்போதும் வெல்கிறார். மறுத்துப் பேசும் மாணவர்க்குத் தக்க வாதம் கொடுக்கப்படவில்லை. எதிரியோ பூச்சி, அதனோடு பேச்சு இல்லை, உடன்படிக்கை இல்லை. எனவே இந்தப் போர் தேவைதானா என்னும் கேள்வி எழவே வழியில்லை. எதிரியைப் படைத்தபோதே நூலாசிரியர் விடையையும் படைத்துவிட்டார்.

மறுமொழி தந்த நாவல்கள்

1965இல் ஹாரி ஹாரிசன் ‘பில், த கேலக்டிக் ஹீரோ’ என்னும் நையாண்டி நாவலால் விண்வெளிப் படைவாழ்வை எள்ளி நகையாடினார். ஆழமான மறுமொழி 1974இல் வந்தது. ஜோ ஹால்ட்மன் இயற்பியல் கற்றவர். படைக்கு அழைக்கப்பட்டு வியட்நாமில் போரிட்டுக் காயமுற்றவர். அவருடைய ‘த ஃபாரெவர் வார்’ நாவலிலும் எந்திரக் கவசம் உண்டு. வேற்றுக்கோள் போரும் உண்டு. ஆனால் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பயணம் செய்யும் வீரனுக்குச் சில ஆண்டுகள் கழியும்போது உலகில் நூற்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. திரும்பிவரும்போது அவன் அறிந்த உலகமே இல்லை. இறுதியில், போரே ஒரு தவறான புரிதலால் மூண்டது என்று தெரிகிறது. களத்தைக் காணாதவர் தோழமையை எழுதினார். கண்டவர் வீணான இழப்பை எழுதினார். ஹால்ட்மனின் நூலை ஹைன்லைன் மனமாரப் பாராட்டினார் என்பது அவர் பெருந்தன்மைக்குச் சான்று.

1985இல் ஆர்சன் ஸ்காட் கார்டு ‘எண்டர்ஸ் கேம்’ நாவலில் மீண்டும் பூச்சியின எதிரியைக் கொண்டுவந்து, வென்ற சிறுவனையே வருந்தவைத்தார். 1997இல், நாஜிகளின் பிடியிலிருந்த ஹாலந்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்த இயக்குநர் பால் வெர்ஹூவன், ஹைன்லைனின் நாவலைக் கேலிப் படமாக எடுத்தார். நூலை முழுதும் படிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதே நாவல் அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவினருக்கான பரிந்துரை நூற்பட்டியலிலும் இடம்பெற்றது!

பிற்கால வாழ்வு

மூடிவைத்த அந்த வேறொரு நாவல் 1961இல் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் அ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ என வெளிவந்தது. போரை வெறுத்த ஹிப்பி இளைஞர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். 1966இல் எழுதிய நாவலில் நிலவுக்கு நாடுகடத்தப்பட்டோர் பூமியின் ஆட்சிக்கு எதிராகப் புரட்சி செய்கின்றனர். படையைப் போற்றியவர், சமயக் கட்டுகளை உடைத்தவர், அரசே வேண்டாம் என்றவர் ஆகிய மூவரும் ஒருவரே! எனினும் 1968இல் வியட்நாம் போரை ஆதரித்து எழுத்தாளர்கள் வெளியிட்ட விளம்பரத்தில் அவர் கையொப்பமும் இருந்தது.

1969இல் மனிதன் நிலவில் கால்வைத்தபோது, தொலைக்காட்சியில் ஆர்தர் கிளார்க்குடன் அமர்ந்து அந்நிகழ்ச்சிக்கு விளக்கம் அளித்தார். 1975இல் அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கத்தின் முதல் ‘கிராண்ட் மாஸ்டர்’ ஆனார். கடும் நோயிலிருந்து பிறர் தந்த குருதியால் உயிர் பிழைத்த அவர், தம் வாசகர் கூட்டங்களைக் குருதிக்கொடை முகாம்களாக மாற்றினார். 1976இல் கான்சஸ் நகரில் நடந்த உலக மாநாட்டில் சிறப்பு விருந்தினராக இருந்தபோதும் அதையே செய்தார். 1988ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கலிபோர்னியாவின் கார்மெல் நகரில் உறக்கத்திலேயே காலமானார். அவர் சாம்பல் பசிபிக் கடலில் தூவப்பட்டது. கடற்படை கைவிட்ட மகனைக் கடல் ஏற்றுக்கொண்டது.

நமக்கு எஞ்சுவது

பொழுதுபோக்குக் கதையில் அரசியல் எதற்கு என்று கேட்போர் உண்டு. அரசியல் அங்கே நுழைவதே சுவையின் தோளில் ஏறித்தான் என்பதை ஹைன்லைனின் வாழ்வும் நாவலும் காட்டுகின்றன. சுவையற்ற நூலாக இருந்திருந்தால் அவர் வினா என்றோ மறைந்திருக்கும். ஆகவே விண்வெளிப் போர்க்கதைகளைப் படிப்போம்; குதிக்கும் கவசத்தோடு நாமும் குதிப்போம். படித்து மூடும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேட்போம். போரிட்டவர் யார்? போருக்கு ஆணையிட்டவர் யார்? எதிரியைப் பேச விட்டார்களா? இம்மூன்றுக்கும் விடை தேடும் வாசகரை எந்தக் கதையும் ஏமாற்ற முடியாது. தாம் எழுதியதை மறுத்து எழுதியவரையே பாராட்டிய ஹைன்லைன், அத்தகைய வாசகரைக் கண்டால் மகிழ்ந்தே இருப்பார்.