பூவேலை கற்ற சத்திரசிகிச்சை வைத்தியர்: அலெக்சிஸ் கரேல்

தை மாதத்துப் பனியில் தையல் வகுப்பு என்றால், பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு ஓடிவந்த எமக்கு விரல் விறைத்து ஊசியில் நூல் கோக்கவே வராது. அதே ஊசியையும் குளிரையும் கொண்டு மருத்துவத்தையே திருப்பிவிட்ட ஒருவரை மருத்துவ பீடத்துக்குப் போன பிறகுதான் அறிந்தோம்.

அலெக்சிஸ் கரேல் 1873 இல் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே பிறந்தார். அவர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த 1894 இல், ஜனாதிபதி சாடி கார்னோ அந்த நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய நாளம் அறுந்தது. வைத்தியர்கள் சூழ நின்றும் குருதி வடிந்தே அவர் இறந்தார்; அறுந்த குருதிக்கலனைத் தைக்க அன்று நம்பகமான வழி இருக்கவில்லை. துணியைத் தைக்க முடியுமானால் இதை ஏன் முடியாது என்று கரேல் எண்ணினார். பாடம் கேட்கப் போனது லியோனின் பேர்பெற்ற பூவேலைக்காரி திருமதி லெருதியேயிடம். மெல்லிய ஊசியும் பட்டு நூலும் கைக்குப் பழகின. 1902 இல் தன் முறையை வெளியிட்டார். கலனின் வாயை மூன்று இடங்களில் நூலால் பிடித்து இழுத்தால் வட்டம் முக்கோணமாகும். நேர் விளிம்பைத் தைப்பது சுலபம், எதிர்ச்சுவரில் ஊசி மாட்டாது. அவ்வளவுதான்!

1904 இல் அத்திலாந்திக்கைக் கடந்தார். சிக்காகோவில் சார்ள்ஸ் கத்ரியுடன் உழைத்து, 1906 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவகத்தில் சேர்ந்தார். வெட்டியெடுத்த நாடிகளை உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் நாட்கணக்காக வைத்திருந்து நாய்களுக்குப் பொருத்தினார், குருதி ஓடியது. விறகை வெளியே இழுத்துவிட்ட அடுப்பு கங்கோடு நெடுநேரம் கிடப்பதுபோல, குளிர்ந்த உயிர்க்கலம் குறைந்த ஒட்சிசனில் தாக்குப்பிடிக்கும். 1912 இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெருநாடியை அடைத்துச் சத்திரசிகிச்சை செய்யும்போது பெரிய ஆபத்து இதயத்துக்கல்ல, குருதி கிடைக்காத நரம்புத் தொகுதிக்கே என்று 1910 இலேயே எழுதினார். சாதாரண உடல் வெப்பத்தில் மூளை ஏறத்தாழ நான்கு நிமிடமே தாங்கும். உயிருள்ள உடலையே குளிர்விக்கும் விடை அவர் மறைந்த பின்னர்தான் வந்தது. ரொறன்ரோவில் பிகெலோ நாய்களில் காட்டிய வழியில், 1952 செப்டெம்பர் 2 இல் மினியாபொலிஸில் ஜோன் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியொருத்தியை ஏறத்தாழ 28 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, ஐந்தரை நிமிடத்துக்குள் இதயத் துவாரத்தைத் தைத்து மூடினார். இன்று சிறுநீரக நாடியை நெடுநேரம் அடைக்க நேர்ந்தால் சிறுநீரகத்தைக் குளிர்விக்கிறோம். பெருநாடியின் வளைவைத் திருத்தும்போது உடல் முழுவதையுமே குளிர்விப்பதும் உண்டு.

மலர்களில் இத்தகைய வரலாறுகள் இங்கேயே முடிவது வழக்கம். லயத்தில் பிறந்த எமக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. 1935 இல் கரேல் எழுதிய, உலகெங்கும் விற்ற நூல், மனிதரைத் தகுந்தோர், தகாதோர் என்று பிரித்தது. சில குற்றவாளிகளை நச்சுவாயுவால் ஒழிக்கலாம் என்றது. ஜேர்மனியரின் பிடியிலிருந்த பிரான்சில் விஷி அரசின் ஆதரவோடு ஒரு நிறுவனத்தை நடத்தினார். அரசு வீழ்ந்தபின், ஒத்துழைத்தார் என்ற பழியோடு 1944 நவம்பரில் பாரிசில் இறந்தார். யார் இந்நாட்டவர் என்பதை ஒரு சட்டம் 1948 இல் தீர்மானித்தபோது எம் பாட்டிமார் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதை அறிந்தவர்கள் நாம். அந்த நூலை எளிதாகக் கடந்துபோக எம்மால் இயலவில்லை.

லியோனில் அவர் பெயரைத் தாங்கியிருந்த மருத்துவ பீடம் 1996 இல் அப்பெயரை நீக்கியது. பயிற்சி வைத்தியர்களுக்கு முக்கோணத் தையலைக் காட்டும்போது நாம் கரேலின் பெயரைச் சொல்கிறோம், அந்த நூலையும் சொல்கிறோம். திருமதி லெருதியேயின் பெயரை முதலில் சொல்கிறோம்.